எல்லோருக்கும் பா

நம் அகத்துப் பெண் குழந்தைகளுக்கு நளாயினி, சாவித்திரி, அனசூயை கதைகளைச் சொல்லி வளர்ப்பது வழக்கம். அவர்களெல்லாம் புராண காலத்தவர்கள். நம் பாட்டிமார் காலத்திலேயே வாழ்ந்த ஒரு உத்தமியைப் பற்றி இந்த இதழில் எழுத ஆசைப்படுகிறேன். அவர் மகாத்மா காந்தியின் தர்மபத்தினி கஸ்தூர்பா. காந்தியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அவருடன் அறுபது வருஷம் குடித்தனம் நடத்திய அந்த அம்மாளைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

1869 ஏப்ரலில் போர்பந்தரில், கபாடியா என்ற வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். காந்தியை விடச் சில மாதங்கள் மூத்தவர். பதின்மூன்று வயதில் விவாகம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே போய்விட்டது. பிறகு ஹரிலால், மணிலால், ராமதாஸ், தேவதாஸ் என்று நான்கு பிள்ளைகள். ஆசாரமான வைஷ்ணவக் குடும்பம். தீட்டு, மடி என்று நம் பெரியவர்கள் பார்த்ததையெல்லாம் அவரும் பார்த்தவர்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையைப் பார்த்தால்தான் அவர் பட்ட பாடு புரியும். 1898-ல் டர்பன் நகரில், வீட்டில் தங்கியிருந்த ஒரு குமாஸ்தாவின் மூத்திரச் சட்டியைச் சுத்தம் செய்யும்படி காந்தி சொன்னார். அந்தக் குமாஸ்தா பஞ்சம குலத்தில் பிறந்தவர். பா அழுதுகொண்டே எடுத்துப் போனார். அழாமல் சந்தோஷமாகச் செய்யவேண்டும் என்று காந்தி கோபித்து, கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துப் போய்விட்டார். கடல் கடந்து வந்த ஊரில் எனக்கு வேறு யார் கதி என்று பா கேட்டபிறகுதான் அவருக்கு வெட்கம் வந்தது. இதை மறைக்காமல் எழுதிவைத்தவரும் காந்தியேதான்.

1901-ல் ஊர் திரும்பும்போது அங்கிருந்த நம்மவர்கள் நகைகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். பாவுக்கென்றே ஒரு தங்கச் சங்கிலியும் வந்தது. எல்லாவற்றையும் பொது நிதிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார் காந்தி. நாளைக்கு வரப்போகும் மாட்டுப்பெண்களுக்கு என்ன போடுவது என்று பா வாதாடினார். நம்மில் எந்த மாமியார் இதைக் கேட்டிருக்க மாட்டார்? கடைசியில் நகைகள் போய்விட்டன. பாவும் விட்டுக்கொடுத்தார், ஆனால் வாய் மூடிக்கொண்டு அல்ல.

1913-ல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத விவாகங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அக்னி சாட்சியாகக் கைப்பிடித்தவள் மனைவி அல்ல என்றால் எந்தப் பெண் பொறுப்பாள்? பா தாமாகவே முன்வந்து எல்லையைக் கடந்து கைதானார். மூன்று மாதம் கடுங்காவல். அதே போராட்டத்தில் சிறை சென்று, நோயுடன் வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தவள் நம் தில்லையாடி வள்ளியம்மை. சரியாக முப்பது வருஷம் கழித்து அதே தேதியில் பாவும் போய்ச் சேர்ந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

1915-ல் ஆமதாபாத் ஆசிரமத்தில் ஒரு தீண்டப்படாத குடும்பம் சேர்ந்தபோது முதலில் முகம் சுளித்தவர்களில் பாவும் ஒருவர். பிறகு அந்தக் குடும்பத்துப் பெண் லக்ஷ்மி ஆசிரமத்துக் குழந்தையாகவே வளர்ந்தாள். 1933-ல் கடைசிப் பிள்ளை தேவதாஸுக்கும் ராஜாஜியின் குமாரத்தி லக்ஷ்மிக்கும் புனேயில் விவாகம் நடந்தது. ஐந்து வருஷம் காத்திருங்கள் என்று இரண்டு தகப்பனார்களும் சொல்ல, அவர்களும் காத்திருந்தார்கள். இப்படித்தான் பா ஒரு ஐயங்கார் குடும்பத்துக்குச் சம்பந்தியானார்.

ஆனாலும் பழைய பக்தி அவரை விட்டுப் போகவில்லை. 1938-ல் ஒரிஸ்ஸா போயிருந்தபோது, ஹரிஜனங்களுக்கு அனுமதி இல்லாத பூரி ஜகந்நாதர் கோயிலுக்குள் போய்த் தரிசனம் செய்துவிட்டு வந்தார். காந்தி மிகவும் வேதனைப்பட்டார். சரியாக எடுத்துச் சொல்லாதது தம் குற்றமே என்றார். என் பாட்டிக்கு இந்த விஷயத்தில் பா பக்கம்தான் நியாயம். அவ்வளவு தூரம் போய் ஸ்வாமியைப் பார்க்காமல் வருவாளா என்பாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோருக்கும் திறக்காத வாசலில் நாம் மட்டும் நுழையலாமா என்ற கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் ஆசாரத்திலேயே ஊறிய ஒரு பெண்மணி ஒவ்வொரு படியாக எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதைப் பார்க்கும்போது, பிறவியிலேயே கட்டுப்பாடு இல்லாதவர்கள் செய்வதைவிட அது பெரிது என்று நினைக்கிறேன்.

தாயாக அவர் பட்ட துக்கம் தனி. மூத்தவன் ஹரிலால் தகப்பனாரோடு பிணங்கிப் பிரிந்து, குடிப்பழக்கத்தில் விழுந்தான். 1936-ல் மதம் மாறி, பிறகு திரும்பியும் வந்தான். தகப்பனார் கண்டித்து எழுதலாம். தாயார் என்ன செய்வாள்? வீட்டுக்கு வராத ஒரு பிள்ளைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாவின் மனசு தெரியும்.

1942 ஆகஸ்டில் காந்தியைக் கைது செய்தபோது, பம்பாய்க் கூட்டத்தில் அவருக்குப் பதில் நான் பேசுகிறேன் என்று புறப்பட்ட பாவையும் கைது செய்தார்கள். புனே ஆகா கான் மாளிகையில் காவல். ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 15-ல், பிள்ளை போலிருந்த மகாதேவ தேசாய் அங்கேயே காலமானார். அவர் சமாதியைப் பா தினமும் கோயில் போலப் பிரதக்ஷிணம் செய்தார். அடுத்த வருஷம் கணவர் 21 நாள் உபவாசம் இருந்ததையும் கண்ணால் பார்த்தார்.

கடைசி நாட்களில் ஹரிலால் பார்க்க வந்தான், குடித்துவிட்டு. பா தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள், 1944 பிப்ரவரி 22, சிவராத்திரியன்று மாலை, கணவர் மடியில் தலை வைத்தபடி உயிர் பிரிந்தது. வயது 74. காந்தி நூற்ற நூலில் நெய்த புடவை உடுத்தி, மாளிகை வளாகத்திலேயே தகனம் நடந்தது. சஞ்சயனத்தின்போது ஐந்து கண்ணாடி வளையல்கள் உடையாமல் கிடைத்தன என்று சொல்வார்கள். என் பாட்டி ஒவ்வொரு சிவராத்திரிக்கும் இதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

புனேக்குக் குடிவந்தபின் பல தடவை அந்த வளாகத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு ஓரத்தில் மகாதேவ தேசாய், பா இருவர் சமாதிகளும் அருகருகே இருக்கின்றன. ஆரவாரம் ஒன்றுமில்லை.

பதிபக்தி என்றால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது என்று நம் பெண்கள் நினைத்து, அந்த வார்த்தையையே வெறுக்கிறார்கள். பா தலையாட்டவில்லை. கேட்டார், அழுதார், சண்டை போட்டார். நியாயம் என்று மனசுக்குப் பட்டபிறகு கணவருக்கு முன்னால் நடந்தார். நம் அகத்து நாட்டுப்பெண்கள் மறுத்துப் பேசும்போது மாமியார்கள் பாவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் போதும். உறுப்பினர்கள் புனே வந்தால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்தச் சமாதிக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டுப் போங்கள்.