கிட்டப்பாவும் டிக்கட்டின் விலையும்

செங்கோட்டை கிட்டப்பாவின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவருடைய சாரீரத்திலே தொடங்கி அவருடைய அகால மரணத்திலே முடித்துவிடுவார்கள். இடையிலே கொடுமுடி சுந்தராம்பாளின் காதற் கதை வந்து பெரும்பகுதியை நிரப்பிவிடும். நான் அவரை வேறொரு வாயிலின் வழியாக அணுக விரும்புகிறேன். அது நாடகக் கொட்டகையின் வாயில். டிக்கட் விற்கும் சிறு சாளரத்தை ஒட்டிய வாயில். ஒருவருடைய பாட்டைக் கேட்பதற்காக ஏழை எளியவர்கள் தங்கள் பல நாள் உழைப்பைக் கொடுக்கலாமா என்னும் வழக்கு, அவருடைய காலத்தில் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அந்த வாயிலிலே நின்றுதான் பேசப்பட்டது. எங்கள் தாழ்வுபாட்டில் ஒரு வீட்டிலே அது பல ஆண்டு பேசப்பட்டது என்பதை நான் நேரில் அறிவேன்.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செங்கோட்டையிலே பிறந்தார். அவ்வூர் அன்று திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956இலேதான் தமிழ்நாட்டுடன் இணைந்தது. தந்தையார் கங்காதர ஐயர், தாயார் மீனாட்சியம்மாள். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். குடும்பத்தில் வறுமை மிகுந்திருந்தது, மக்களோ பலர். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய பிள்ளைகளை நாடகக் கம்பனிக்கு அனுப்பும் நிலைமை ஏற்பட்டது. அண்ணன்மார் முன்னே செல்ல, ஐந்தாறு வயதுக் குழந்தையாகிய கிட்டப்பாவும் பின்னே மேடையேறினார். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த நாடக நெறி தமிழகமெங்கும் பரவியிருந்த காலம் அது. பாலர் கம்பனிகளிலே சிறுவர்கள் இரவெல்லாம் விழித்து, வசனத்தையும் பாட்டையும் நெட்டுருச் செய்து, ஊர் ஊராக அலைந்தார்கள். அக்குழந்தைகளின் வாழ்க்கையைப் பற்றி இன்று நினைக்கும்போது மனம் வருந்தாமல் இராது. ஆனால் கிட்டப்பாவுக்கு வேறு பள்ளியும் இல்லை, வேறு குருகுலமும் இல்லை. அவருடைய சங்கீதம் முழுவதும் மேடையின் பின்புறத்திலே, ஆர்மோனியப் பெட்டியின் அருகிலே கேட்டுக் கேட்டுப் பெற்ற செல்வம்.

பதின்மூன்று வயதளவில் அவர் கன்னையாவின் கம்பனியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கன்னையாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பணத்தைத் தண்ணீராகச் செலவிட்டுக் காட்சிகளை அமைத்தவர் அவர். திரைகளும், பட்டாடைகளும், மேடைமேல் உயிருள்ள விலங்குகளும் அவருடைய நாடகங்களின் பெருமையாகப் பேசப்பட்டன. தசாவதாரம் என்னும் அவருடைய நாடகத்தைக் காண்பதற்கு வெளியூர்களிலிருந்து மக்கள் வந்து குவிந்தார்கள். அந்தக் காட்சிக் கோலாகலத்தின் நடுவே பரதனாக வந்து பாடி நின்ற பிள்ளைதான் கிட்டப்பா. காட்சியைக் காண வந்தவர்கள் அவர் பாடத் தொடங்கியதும் காட்சியை மறந்தார்கள். கன்னையா செலவிட்ட பணத்திலே எவ்வளவு அவசியமானது, எவ்வளவு வீணானது என்னும் கேள்வி அன்றே அவருக்கு எழுந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு வெள்ளைத் திரையும் ஒரு சிறுவனின் குரலும் போதும் என்பதைச் சபையோர் காட்டிவிட்டார்கள் அல்லவா?

பின்னர் கிட்டப்பா அக்கம்பனியை விட்டு நீங்கித் தம் சகோதரர்களோடு தனியே நாடகம் நடத்தலானார். தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். இக்காலத்தில் நாடக உலகிலே ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. கம்பனிக்கு மாதச் சம்பளத்தில் அடிமையாய்க் கிடந்த நடிகர்கள் வெளியே வந்து, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு நடிக்கலாயினர். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒரு கண்ட்ராக்டர் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுப்பார். ஓர் ஊரிலிருந்து இராஜபார்ட்டையும், மற்றோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட்டையும், வேறோர் ஊரிலிருந்து பபூனையும் வரவழைப்பார். ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரிந்தது, பாடல்கள் சுவாமிகள் எழுதியவை, மீதி அவரவர் சாமர்த்தியம். நட்சத்திர நடிகருக்குக் கொடுக்கும் தொகை ஏற ஏற, அந்தச் சுமை டிக்கட்டின் தலைமேல் வந்து இறங்கிற்று. கூட்டம் வராவிட்டால் கண்ட்ராக்டர் ஓட்டாண்டி. வந்துவிட்டால் அவர் கையில் ஒரே இரவிலே பெருந்தொகை. ஸ்பெஷல் நாடகத்தின் டிக்கட் விலை உயர்ந்ததற்கு நடிகரின் பேராசையைக் குறைகூறுவோர், இந்தச் சூதாட்டத்தின் பங்கை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வாறு வளர்ந்த புகழ் கடல் கடந்தது. 1914இலே தலைமன்னார் வரை புகையிரதப் பாதை அமைந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின், சென்னையிலே ரயிலேறிய ஒருவர் கொழும்பிலே இறங்குவது எளிதாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து அவ்வழியே கொழும்புக்குச் சென்ற நாடகக்காரர் அனைவரும் எங்கள் மன்னார்த் தீவின் மணலையும் பனையையும் நெடுக்காகக் கடந்துதான் போனார்கள். அவர்களுடைய திரைகளும் பெட்டிகளும் இத்தீவைக் கடந்து சென்றன. நாடகம் மட்டும் இங்கே இறங்கவில்லை. இறங்கவும் தேவை இருக்கவில்லை என்று எங்கள் மூத்தோர் சொல்லிப் பெருமைப்படுவார்கள். காரணம், எங்களிடம் கூத்து இருந்தது.

அதைப் பற்றிச் சிறிது சொல்லாமல் அப்பால் செல்ல முடியாது. மாதோட்டப் பாங்கு என்றும் யாழ்ப்பாணப் பாங்கு என்றும் இரு வகையாக மன்னார்க் கத்தோலிக்க ஊர்களிலே நாடகங்கள் ஆடப்பட்டன. மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் முதலியவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பதிப்பித்து அச்சில் ஏற்றியதால், அவற்றின் பெயரையாவது மாணவர்கள் இன்று அறிவார்கள். இக்கூத்துக்கு டிக்கட் இல்லை. கடற்கரை மணலிலே பாயை விரித்து, விடியும்வரை யாரும் இருந்து பார்க்கலாம். ஆனால் டிக்கட் இல்லாதது எல்லாம் இலவசம் என்று எண்ணுவது கணக்கறியாதார் கூற்று. மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும்; தொழிலுக்குப் போய்க் களைத்து வந்தவர்கள் இரவு பாதிவரை நின்று பாடுவார்கள்; உடுப்புக்கும் விளக்குக்கும் வீடுதோறும் பணம் சேரும்; அண்ணாவியாருக்குச் சன்மானம் வேறு. ஊரே விலை கொடுத்து ஊரே பார்க்கும் நாடகம் அது. விலையைக் கேட்கும் சாளரம் மட்டுமே அங்கில்லை.

இத்தகைய ஊரிலே பிறந்து, கூத்திலே பல வேடம் கட்டிய என் பாட்டனார், கொழும்பிலே கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த காலத்தில் கருவாடு விற்கக் கொழும்புக்குப் போனார். விற்ற பணம் வலைக்குப் பருத்தி நூல் வாங்குவதற்கென்று வீட்டிலே முன்கூட்டியே பேசி வைத்த பணம். நூல் வாங்கினார், ஆனால் குறைத்து வாங்கினார். குறைந்த பங்கு எங்கே போயிற்று என்பதுதான் பாட்டியார் கண்ணை மூடும் வரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

சுந்தராம்பாளும் வறுமையிலிருந்து எழுந்தவரே. கொடுமுடியில் 1908இலே பிறந்து, சிறு வயதிலே ரயில் வண்டியிற் பாடிக் காசு பெற்றவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1926இலே கொழும்பில் அவர் புகழோடு நடித்துக்கொண்டிருந்த சமயத்திலேதான் கிட்டப்பா அங்கு வந்து சேர்ந்தார். அவரோடு சேர்ந்து மேடையேறினால் அவருடைய குரலிலே இவருடைய பெயர் அடிபட்டுப் போகும் என்று அந்த இளம்பெண்ணைப் பலர் அச்சுறுத்தியதாகக் கதை உண்டு. அவர் அஞ்சவில்லை. வள்ளி திருமணத்திலே இருவரும் எதிரெதிரே நின்றார்கள். தினைப்புனத்தில் வள்ளிக்கும் வேடனாக வந்த முருகனுக்கும் நடக்கும் தர்க்கம் சுவாமிகளின் நாடகத்திலே எழுத்தாக இருப்பது கொஞ்சம்; மேடையிலே அது வளர்வது மிகுதி. ஒருவர் ஒரு ஸ்தாயியைத் தொட்டால் மற்றவர் அதற்கும் மேலே போவார். தோல்வி யாருக்கு என்று சபையோர் காத்திருக்க, இருவரும் தோற்காமலே விடிந்துவிடும். அடுத்த ஆண்டு அவர்கள் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே 1924இலே திருமணம் நடந்திருந்தது என்பதையும் வரலாற்றாசிரியன் மறைக்கலாகாது.

மீண்டும் கொட்டகை வாயிலுக்கு வருகிறேன். அக்காலக் கொட்டகையிலே இருக்கைகள் வருணம்போல் வகுக்கப்பட்டிருந்தன. மேடையை ஒட்டிச் சோபா, அதன் பின் நாற்காலி, அதற்கும் பின் பெஞ்சு, கடைசியில் தரை. விலையும் அவ்வாறே இறங்கிக்கொண்டு வரும். பாட்டனார் முதல் நாள் இரவு பெஞ்சுக்கு டிக்கட் எடுத்தார். ஊருக்குத் திரும்ப வேண்டிய வண்டியை விட்டுவிட்டு மறுநாளும் தங்கி, அன்று தரைக்கு எடுத்தார். இரண்டு இரவிலும் குரல் ஒரே அளவாகக் கேட்டது என்பது அவர் கண்ட முடிவு.

இது வெறும் கிழவர் பேச்சன்று. கிட்டப்பாவின் கலையின் அடிப்படையே இதுதான். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆர்மோனியத்தில் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று ஆண்குரலுக்கு எளிதிற் கைகூடாத சுருதியிலே நின்று, தகரக் கூரையின்கீழ்ப் பேரிரைச்சலோடு அமர்ந்திருக்கும் கூட்டத்தின் கடைசி மனிதன்வரை, பிசிறு தட்டாமல் அவர் பாடினார். கருநாடக சங்கீத வித்துவான்கள் தம் கௌரவத்தைப் பாராமல் வந்து கேட்டார்கள். அவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்; மீன் விற்றவரும் மூட்டை சுமந்தவரும் பின்னே தரையில் இருந்தார்கள். குரல் இவர்களிடையே வேற்றுமை பாராட்டவில்லை. ஆகவே சோபாவுக்குக் கொடுத்த அதிகப் பணம் பாட்டுக்குக் கொடுத்ததன்று. பக்கத்து இருக்கையில் இருந்தவர் பார்ப்பதற்குக் கொடுத்தது. நடிகரின் முகபாவத்தை அருகிலிருந்து காணலாமே என்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபிலே நடிப்பு என்பது பெரும்பாலும் பாட்டுத்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். சோபா டிக்கட் வீண். தரை டிக்கட், விலை எவ்வளவு ஏற்றப்பட்டிருந்தாலும், தகும். என் தீர்ப்பு இதுவே.

பாட்டியாரின் தீர்ப்பு வேறு. நூல் குறைந்ததால் வலையின் ஒரு பகுதியைப் பழைய நூலால் பொத்தியே அந்தப் பருவத்தைக் கழிக்க வேண்டியதாயிற்று. பழைய நூல் கடலிலே அறுந்தது, மீன் போயிற்று. ஒரு பாட்டின் விலை டிக்கட்டோடு முடிவதில்லை, வலையிலும் வந்து நிற்கும் என்பது அவருடைய வாதம். அது வலிமையான வாதம். எளிதிலே தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. ஆனால் பாட்டனார் கொழும்பிலிருந்து கொண்டு வந்த மெட்டுகளை, நெற்றியைச் சுருக்கிக்கொண்டே அவரும் அடுப்படியில் முணுமுணுத்ததை நான் சிறுவனாய் இருந்து கேட்டிருக்கிறேன். அண்ணாவியாரோ அம்மெட்டுகளைக் கூத்துக்குள் நுழைய விடவில்லை. அவர் செய்தது சரியே.

கிட்டப்பாவின் பிற்காலம் சுருக்கமானது, துயரமானது. தேசிய இயக்கத்திலே ஈடுபட்டு மேடையிலே நாட்டுப் பாடல்களைப் பாடினார். சுந்தராம்பாளுக்கும் அவருக்கும் பிறந்த குழந்தை தங்கவில்லை. மனவேறுபாடு எழுந்து அவர்கள் பிரிந்திருந்த நாட்களும் உண்டு. உடல்நலம் குன்றிற்று. ஊதியத்துக்காக இரவு இரவாகக் குரலை வாரி இறைத்த உடல் எவ்வளவு காலம் தாங்கும்? டிக்கட் வாங்கியவர்கள் விடியும்வரை அவரை மேடையிலே நிறுத்தி வைத்தார்கள். கொடுத்த பணத்துக்கு ஈடாக இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று கேட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

தமிழ்ப் பேசும் படம் 1931இலேயே வந்துவிட்டது. ஆயினும் கிட்டப்பா திரையிலே தோன்றுமுன் மறைந்தார். சுந்தராம்பாள் இருபத்தைந்து வயதிலே வெள்ளைச் சேலை உடுத்தார். எந்த ஆடவருக்கும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். 1935இலே நந்தனார் படத்தில் ஆண் வேடம் பூண்டு நடிப்பதற்கு அவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டதென்று நாடெல்லாம் வியந்தது. அந்த இலட்சத்தைச் சில அணாக்களாகப் பிரித்து ஆயிரமாயிரம் பேர் கொட்டகை வாயிலிலே செலுத்தினார்கள். ஸ்பெஷல் நாடகத்தின் காலம் சாயத் தொடங்கிற்று. 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடியும் அழிந்தது.

கிட்டப்பாவின் குரலிலே மிஞ்சியவை சில இசைத்தட்டுகள்தாம். மன்னார்ப் பட்டினத்துக் கடையொன்றிலே அவற்றில் ஒன்று சுழலும்போதெல்லாம் பாட்டனார் வெளியே நின்று கேட்பார். அதற்கு டிக்கட் இல்லை. தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். கொழும்பிலே அரைமணி நேரம் விரித்துப் பாடக் கேட்ட இராகம் அங்கே தொடங்கும்போதே ஊசி கரகரத்து நின்றுவிடும்.