வற்றிய ஏரியும் பட்டம் பெறாத அறிஞரும்

முதலாண்டுத் தேர்வு முடிவு வெளிவந்த அன்று, படிப்பை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு பல்கலைக்கழக நூலகத்தில் அமர்ந்திருந்தேன். நேரத்தைப் போக்கக் கையில் எடுத்த நூல் ஒன்றில்தான் தொல்லியலாளர் மேரி லீக்கி எனக்கு அறிமுகமானார்.

1913-இல் இலண்டனில் பிறந்த மேரி, ஓவியரான தம் தந்தையுடன் பிரான்சு நாட்டுக் குகை ஓவியங்களைக் கண்டு வளர்ந்தவர். 13 வயதில் தந்தையை இழந்தார். பின்னர்ச் சேர்ந்த இரண்டு பள்ளிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கேட்டுச் சென்ற தாயாருக்கும் ஏமாற்றமே மிஞ்சியது. ஆயினும் மேரி தளரவில்லை. பட்டப்படிப்பில் சேராமலேயே இலண்டனில் தொல்லியல் விரிவுரைகளைக் கேட்டார். கற்கருவிகளை நுணுக்கமாக வரைந்தார். அந்தத் திறமையே அவரை ஆய்வாளர் லூயிஸ் லீக்கியிடம் கொண்டு சேர்த்தது. 1936-இல் இருவரும் மணம் புரிந்தனர்.

கென்யாவில், நைரோபிக்குத் தென்மேற்கே ஒலோர்கசைலி என்ற இடம் உள்ளது. வெயிலில் வெளுத்துக் கிடக்கும் அந்த வறண்ட நிலம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. 1940-களின் தொடக்கத்தில் இத்தம்பதியர் அங்கே ஏராளமான கைக்கோடரிகளைக் கண்டனர். ஏரி வண்டலும் எரிமலைச் சாம்பலும் மூடிக் காத்த அக்கருவிகள், ஏறத்தாழ 12 லட்சம் முதல் 5 லட்சம் ஆண்டுகள் வரை பழமையானவை.

என்னை மிகவும் கவர்ந்தது அதன்பின் நடந்ததுதான். ஒரு பகுதியில் இருந்த கோடரிகளை அள்ளிச் செல்லாமல், கிடந்தபடியே விட்டுவைத்தனர். மேலே நடைபாலம் அமைக்கப்பட்டு, 1947-இல் அவ்விடம் திறந்தவெளி அருங்காட்சியகமானது. கருவி மட்டுமன்று, அது கிடக்கும் இடமும் வரலாறு பேசும் அல்லவா?

1959-இல், மற்றொரு பழைய ஏரிப் படுகையான ஒல்டுவாயில், 17.5 லட்சம் ஆண்டுப் பழமையான மண்டையோட்டை மேரி கண்டெடுத்தார். 1978-இல் அவருடைய குழு, லேட்டோலியில் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய காலடித் தடங்களை வெளிக்கொணர்ந்தது. 1981-இல் அதே ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1996-இல் நைரோபியில் மறைந்தார்.

பட்டம் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை, நண்பர்களே. மறுநாள் காலை விரிவுரைக்குச் சென்றேன். வறண்டு கிடக்கும் நிலத்தையும் பொறுமையாகத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பதை அந்த அம்மையார் எனக்குக் கற்றுத் தந்திருந்தார்.