நகரைக் கணக்கில் வைத்த ஆனந்தரங்கர்

செஞ்சிக் கோட்டையின் வரலாற்றைக் கல்லும் சுவரும் சொல்கின்றன. இராசகிரியின் உச்சியும் கல்யாண மகாலும் களஞ்சியங்களும் பார்ப்பவர் கண்ணுக்குப் பழைய ஆட்சிகளை நினைவூட்டுகின்றன. ஆயினும் அந்தக் களஞ்சியத்தில் நெல் அளந்தவன் யார், கோட்டைவாசலில் சுங்கம் எவ்வளவு, தெருவில் குற்றம் செய்தவனுக்குத் தண்டம் என்ன என்பவற்றைக் கல் சொல்வதில்லை. ஒரு நகரின் அன்றாட வாழ்வை எழுத்தே காக்க வேண்டும். செஞ்சிக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுச்சேரிக்கு அத்தகைய எழுத்து வாய்த்தது. அதனை அளித்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

பிள்ளையவர்கள் 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைப் பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளையின் மைந்தராகப் பிறந்தார். செஞ்சியில் தேசிங்குராசன் போர்க்களத்தில் வீழ்ந்த 1714இல் அவர் ஐந்து வயதுக் குழந்தை. உறவினர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகக் கழகத்தின் தலைமைத் துபாசியாக இருந்தார். அந்தப் பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆளுநர் எபேர் காலத்தில் நைனியப்பர் குற்றஞ்சாட்டப்பட்டுச் சவுக்கடியும் சிறையும் பெற்று, 1717இல் சிறையிலேயே உயிர்நீத்தார். அவர் மைந்தர் குருவப்பர் பிரான்சு நாடு வரை சென்று முறையிட்டுக் குடும்பத்தின் மானத்தை மீட்டார். அதிகாரத்தின் ஒரு சொல் குடும்பத்தை உயர்த்தவும் அழிக்கவும் வல்லது என்பதைப் பிள்ளையவர்கள் இளமையிலேயே கண்டார். நடந்ததை நடந்த நாளிலேயே எழுதி வைக்கும் வழக்கம் அவரிடம் வேரூன்றியதற்கு இந்த அனுபவமும் துணைநின்றிருக்கக்கூடும்.

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி 1761 சனவரி வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் எழுதினார். அந்த எழுத்துக்கு அணியில்லை; அலங்காரமில்லை. கடைத்தெருவும் கச்சேரியும் பேசிய தமிழே அதில் நடக்கிறது. வந்த கப்பல்கள், ஏற்றிய துணிக்கட்டுகள், ஆர்க்காட்டு நவாபின் உரிமை பெற்று நடந்த நாணயச்சாலை, சாவடியில் தீர்ந்த வழக்குகள், தமுக்கடித்துச் சாற்றிய கட்டளைகள், வலங்கை இடங்கைப் பூசல்கள், மணவிழா, மரணம், மழை என்று நகரின் நாடித்துடிப்பு முழுவதும் அங்கே பதிவாயிற்று. டூமா ஆளுநராக இருந்தபோது, தெருவையும் கடற்கரையையும் அசுத்தம் செய்வோருக்கு ஆறு பணம் தண்டம் என்றும், பிடித்துக் கொடுப்பவனுக்கு அதில் இரண்டு பணம் என்றும் ஆணை பிறந்தது. அரண்மனைச் செய்தியோடு தெருத் தூய்மைச் செய்திக்கும் பிள்ளையவர்கள் இடமளித்தார். ஏழை மக்களை வஞ்சித்துக் கடத்தி அடிமைகளாகக் கப்பலேற்ற முயன்ற கும்பலின் செய்தியும் 1743ஆம் ஆண்டுக் குறிப்புகளில் உண்டு.

தலைமைத் துபாசி கனகராய முதலியார் 1746இல் காலமானபின், டூப்ளே அப்பதவியைப் பிள்ளையவர்களுக்கு அளித்தார். முசபர்சங் அவருக்கு மூவாயிரம் குதிரை மன்சப் பட்டமும் செங்கற்பட்டுச் சாகீரும் வழங்கினார். ஆனந்தப்புரவி என்னும் சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் வந்த படை செஞ்சியை ஒரே இரவில் கைப்பற்றியது. மொகலாயர் எட்டாண்டு முற்றுகையிட்டு 1698இல் பெற்ற கோட்டை அது! அவ்வாண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே பாசறையில் நாசர்சங் கொல்லப்பட்டார். புதுச்சேரியின் செல்வாக்கு உச்சிக்கு ஏறிற்று. துபாசியின் செல்வாக்கும் உடன் ஏறிற்று.

ஆனால் செல்வாக்கின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த வேளையில், வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சுக்காரரால் இடிக்கப்பட்டது. ஆளுநரின் அருகிலேயே இருந்த பிள்ளையவர்களால் அதனைத் தடுக்க இயலவில்லை. பதவியைத் துறக்கவுமில்லை. ஆனால் நடந்ததை மறைக்கவும் இல்லை. துயரத்தோடு எழுதி வைத்தார். தம் எசமானருடைய அரசின் செயலைத் தம் கையாலேயே பதிந்த அந்தப் பக்கங்கள் அவருடைய வாழ்வின் குறையையும் நிறைவையும் ஒருங்கே காட்டுகின்றன. டூப்ளேயின் மனைவியாருடைய பகையும், பதவிக்குப் போட்டியிட்டோரின் கோளும் அவரை விடாது வருத்தின. டூப்ளே 1754இல் தாயகம் திரும்பினார். இரண்டு ஆண்டுகளில் பிள்ளையவர்கள் பதவியிழந்தார். நோயும் மனத்துயரும் சூழ்ந்த காலத்திலும் குறிப்பு நிற்கவில்லை.

1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, அவர் மறைந்தார். ஏப்பிரலில் செஞ்சியும் வீழ்ந்தது. வென்றவர்கள் புதுச்சேரிக் கோட்டையைத் தகர்த்தனர். டூப்ளே எழுப்பிய ஆளுநர் மாளிகையும் மண்ணாயிற்று. எஞ்சியது அவருடைய வீட்டில் இருந்த ஏடு. 1846இல் கலுவா மோன்பிரேன் அதனைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழிலோ 1948இல்தான் நூலுருப் பெறத் தொடங்கியது. தமிழர் எழுதிய தமிழ், ஆங்கிலத்தில் முற்றுப்பெற்று இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே தமிழில் அச்சேறியது என்பது நாணத்தக்க செய்தி.

பிள்ளையவர்கள் புலவர்களைப் போற்றிய வள்ளல். தியாகராச தேசிகர் அவர்மீது கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் சம்பு இயற்றினார். பரிசு பெற்ற அப்பாடல்களை இன்று தேடிப் படிப்போர் சிலரே. பரிசு எதையும் எதிர்பாராமல் அவரே எழுதிய குறிப்புகளையோ ஆய்வாளர்கள் ஓயாமல் புரட்டுகின்றனர். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய புதினங்களும் அந்த ஊற்றிலிருந்தே பிறந்தன. புகழ்மொழியைவிட உண்மைமொழிக்கு ஆயுள் மிகுதி என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுசென்றனவாகக் கருதப்படும் நெடுங்கற்றூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கின்றன. அவற்றைச் செதுக்கிய சிற்பியின் பெயரையோ பெயர்த்து வண்டியேற்றிய கூலியின் பெயரையோ அவை கூறமாட்டா. ஊர்தோறும் ஓர் ஆனந்தரங்கர் இருந்திருப்பாராயின், நம் கற்களும் பேசியிருக்கும்.