காற்றா? நீரா? – மருத்துவர் ஜான் ஸ்நோ

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி.)

கொள்ளைநோய் வரும்போதெல்லாம் மனிதன் முதலில் ஐயுறுவது காற்றைத்தான். அந்த ஐயத்தைக் கணக்கெடுத்துச் சோதித்தவர் ஜான் ஸ்நோ என்னும் ஆங்கில மருத்துவர்.

1813-ஆம் ஆண்டு யார்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். 14-ஆம் வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். காலரா பரவியபோது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு மருத்துவம் செய்தார். பின்னர் லண்டனில் பயின்று 1844-ல் எம்.டி. பட்டம் பெற்றார். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வேண்டிக் கல்லூரிக்கு வந்துள்ள என் மனத்தை முதலில் தொட்டது இந்த வரலாறுதான்.

சாக்கடை நாற்றம் கலந்த காற்றே காலராவைப் பரப்புகிறது என்று அக்காலக் கற்றோர் பலரும் நம்பினர். காற்றில் வரும் நஞ்சு நுரையீரலையன்றோ தாக்க வேண்டும், குடலைத் தாக்குவானேன் என்று சிந்தித்தார் ஸ்நோ. நீரே காரணம் என 1849-ல் நூல் வெளியிட்டார். ஏற்றுக்கொண்டவர் சிலரே.

1854-ல் லண்டன் பிராட் தெருவைச் சுற்றி 600 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அத்தெருக் கைப்பம்பின் நீரைக் குடித்தவர்கள் என்பதை வீடு வீடாகச் சென்று கண்டறிந்தார். அருகிலிருந்த பீர் ஆலைத் தொழிலாளர் அதே காற்றைத்தான் சுவாசித்தனர். ஆனால் அந்நீரைக் குடிக்கவில்லை, பிழைத்தனர். ஸ்நோவின் வேண்டுகோளின்படி செப்டம்பர் 8-ல் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்ததால், இதை மட்டும் சான்றாக அவர் கொள்ளவில்லை. தென் லண்டனில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் நீர் வழங்கின. கழிவு கலந்த தேம்ஸ் நீரை வழங்கிய கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 315 பேரும், மேல்பகுதியில் நீர் எடுத்த கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 37 பேரும் இறந்ததைக் கணக்கிட்டுக் காட்டினார்.

1858-ல் 45-ஆம் வயதில் ஸ்நோ மறைந்தார். காலராக் கிருமியை ராபர்ட் கோக் ஆராய்ந்து உறுதிசெய்தபோது கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வாகனங்கள் நின்றன. நம் பெருநகரங்களில் புகை குறைந்தது. ஜலந்தரிலிருந்து இமயமலை தெரிந்தது. காற்று தூய்மையானதால் கொரோனா ஒழிந்ததா? இல்லை. மூடிய அறைகளில் மூச்சுக்காற்றின் வழியாகவே அது பரவியது. புகை நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கும். ஆனால் புகையற்ற காற்று கிருமியற்ற காற்று ஆகிவிடாது.

காலராவுக்கு நீர் என்ற ஸ்நோவின் விடை கொரோனாவுக்குப் பொருந்தாது. அவர் விடைகண்ட முறை எந்நோய்க்கும் பொருந்தும். பெரியோர் பலர் நம்புகின்றனர் என்பதற்காக ஒன்றை ஏற்காமல், எண்ணிப் பார்த்து ஏற்பதே அறிவியல் மாணவராகிய நமக்கு அழகாகும்.