நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார்

ஆண்டு விழாவொன்றிலே வேடம் புனைந்து மேடையேறிய வாலிபர் எவரும் அதன் மறுநாட் காலையை மறந்திரார். எதிர்ப்படும் ஒருவர் கையைப் பற்றிக் குலுக்கிப் பாராட்டுவார். அடுத்த ஒழுங்கையில் நிற்கும் மற்றொருவர், நடிப்பு என்ற பெயரில் நடந்தது வெறுங் கூச்சலே என்று நகைப்பார். இருவரும் கண்டது ஒரே நாடகந்தான். இவ்விரு சொற்களுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அறியாமல் மேடையையே கைவிட்டவர் நம்மிடையே பலர். அத்தகையோர் அறிய வேண்டிய வரலாறு, தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியாருடையது.

அன்னார் 1873ஆம் ஆண்டில் சென்னையிலே பிறந்தவர். தந்தையார் விஜயரங்க முதலியார் பாடசாலைப் பரிசோதகராகப் பணியாற்றியவர். நூல்களில் ஈடுபாடு மிக்கவர். ஆகவே, ஆங்கிலமும் தமிழும் கற்கும் வாய்ப்பு மகனுக்கு இளமையிலேயே வாய்த்தது. ஆயினும் பின்னாளில் தமிழ் நாடகத்திற்குத் தம் வாழ்நாளையே ஈந்த அவர், சிறுவராயிருந்தபோது தமிழ் நாடகங்களை அறவே வெறுத்தவர் என்பது வியப்பன்றோ! அக்காலத்துத் தெருக்கூத்துகளிலும் கொட்டகை நாடகங்களிலும் அவர் கண்ட ஒழுங்கின்மை அவ்வெறுப்பிற்குக் காரணமாயிற்று.

1891ஆம் ஆண்டிலே பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பவர் தமது சரச விநோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். கிருஷ்ணமாச்சார்லு ஒரு வழக்கறிஞர். கற்றவர்களும் கண்ணியமான உத்தியோகம் பார்ப்பவர்களும் கூச்சமின்றி மேடையேறி நடிப்பதை இளைஞர் சம்பந்தம் அன்றுதான் கண்டார். வெறுப்பு வேட்கையாக மாறியது. அதே ஆண்டு யூலை 1ஆம் நாள், பதினெட்டே வயதில், தம் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையை அவர் நிறுவினார்.

இன்று இது எளிய செயலாகத் தோன்றலாம். அந்நாளிலோ நடிப்பவனைக் கூத்தாடி என்று இழித்துரைப்பது வழக்கம். படித்த குடும்பத்துப் பிள்ளை அரிதாரம் பூசுவதை உற்றாரும் ஊராரும் ஒவ்வாச் செயலாகவே கருதினர். எனவே, நாடகம் நன்றா தீதா என்று ஆராய்வதற்கு முன்பே, நடித்தலே குற்றம் என்ற தீர்ப்பு அவ்விளைஞர்களுக்காகக் காத்திருந்தது. அதற்கு அவர்கள் வாயால் மறுமொழி கூறிக்கொண்டிருக்கவில்லை. சபைக்கு ஒழுங்கு விதிகள் அமைத்தனர். தவறாது ஒத்திகை நடத்தினர். காலப்போக்கில் வழக்கறிஞர்களும் உத்தியோகத்தரும் அங்கத்தவராய்ச் சேர்ந்தனர். அரசியலிற் புகழ்பெற்ற சத்தியமூர்த்தி போன்றோரும் அச்சபையின் மேடையில் நடித்தனர். கூத்தாடி என்ற ஏளனச் சொல் மெல்ல மெல்ல வலியிழந்தது.

இரண்டாவது தடை இதனினும் கடுமையானது. நாடகமென்றால் பாட்டு என்பதே அக்காலத்துத் தமிழ் மக்களின் எண்ணம். அரசன் சினந்தாலும் பாடுவான். அரசி அழுதாலும் பாடுவாள். விடியும்வரை பாட்டு நடக்கும். சம்பந்த முதலியாரின் வன்மையோ உரைநடைப் பேச்சில் இருந்தது. மனிதர் பேசுவதுபோலப் பாத்திரங்கள் பேசவேண்டும், உள்ளத்து உணர்ச்சி முகத்திலும் குரலிலும் புலப்படவேண்டும் என்பதே அவர் கொள்கை. இதனால் சபையோர் இரு பிரிவாயினர். கற்றவருள் ஒரு சாரார், தமிழில் இப்படியும் நடிக்கலாமா என்று மகிழ்ந்தனர். பாட்டை விரும்பி வந்தவர்களோ ஏமாற்றத்துடன் திரும்பினர்.

இவ்விடத்தில் அவர் நடந்துகொண்ட முறை சிந்திக்கத்தக்கது. தமக்கு இயல்பான பேச்சு நடிப்பை விட்டுவிட்டுப் பாட்டுக்காரராக மாற அவர் முயலவில்லை; பாட்டை விரும்புவோரைப் பாமரர் என்று பழிக்கவுமில்லை. பாட வல்ல நண்பர்களுக்குப் பாட்டிற்கு இடந்தந்து, நாடகத்தின் உயிரை உரையாடலிலே வைத்தார். சொல்லப்பட்ட குறை தம் கலையின் அடிப்படையைத் தாக்குகிறதா, அல்லது திருத்தக்கூடிய ஒரு பகுதியைச் சுட்டுகிறதா என்று பிரித்தறியும் திறன் அவரிடம் இருந்தது.

அவர் எழுதிய மனோகரன் நாடகம் 1895ஆம் ஆண்டில் முதன்முதல் மேடையேறியது. மனோகரனாக நடித்தவரும் அவரே. அப்போது வயது இருபத்திரண்டு. விலங்கிட்டுச் சபைநடுவே நிறுத்தப்பட்ட மைந்தன், தாயின் வாய்ச்சொல்லுக்காகப் பொறுத்திருந்து, அச்சொல் கிடைத்ததும் சங்கிலியை அறுத்தெறியும் காட்சி பிற்காலத்திலே தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. தொழில்முறைக் கம்பெனிகளும் அந்நாடகத்தை எடுத்தாண்டன. ஊதியம் கருதாது நடித்த ஒருவரின் நாடகத்தைக் கொண்டு, ஊதியத்திற்கு நடித்தோர் பிழைத்தனர் என்றால் அதனினும் மேலான பாராட்டு வேறென்ன!

ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் அவர் தமிழுக்குக் கொணர்ந்தார். ஹம்லெற் அமலாதித்யன் ஆயிற்று. மக்பெத் மகபதி ஆயிற்று. வெனிஸ் நகர வணிகன் வாணீபுர வணிகன் ஆயினான். இங்கும் இருவகைத் தீர்ப்புகள் பிறந்தன. உலகப் பெருங்கவியைத் தமிழ் மேடையிற் கண்டோம் என்று ஒருவர் களிக்க, அந்நியக் கதைக்குத் தமிழ் உடை பொருந்தவில்லை என்று மற்றொருவர் குறைகூறுவார். சுகுண விலாச சபை தோன்றிய அதே 1891ஆம் ஆண்டில் வெளிவந்த சுந்தரம்பிள்ளையின் மனோன்மணீயம் செய்யுளால் ஆனது. கற்றோர் படித்துச் சுவைப்பதற்கு உரியது. அத்தகைய இலக்கியச் சுவையை எதிர்பார்த்தவர்களுக்கு முதலியாரின் எளிய உரைநடை சிறிதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவரோ படிப்பவனுக்காக எழுதவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பவனுக்காக எழுதினார்.

அவருடன் பெண்வேடமிட்டு நெடுங்காலம் நடித்தவர் ரங்கவடிவேலு என்னும் உயிர் நண்பர். 1923ஆம் ஆண்டில் அந்நண்பர் மறைந்தபோது முதலியார் அடைந்த துயரம் பெரிது. பார்ப்போரின் பழிச்சொல்லைத் தாங்கிய நெஞ்சுக்கும் அத்துயரம் பாரமாகவே இருந்தது. எனினும் கடமையை அவர் விட்டாரல்லர். வழக்கறிஞராக இருந்த அவர் 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கினார். பகலில் வழக்கு, மாலையில் ஒத்திகை என்பதே அவர் வாழ்க்கை. நாடகத்தால் வயிறு வளர்க்க வேண்டிய நிலை இல்லாமையால், கைதட்டலுக்காகத் தம் கொள்கையை விற்கவேண்டிய நிலையும் அவருக்கு நேரவில்லை.

நம் நாட்டிற்கும் அவருக்கும் தொடர்புண்டு. 1911ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையார் இலங்கைக்கு வந்து நாடகங்கள் நடத்தினர். அவற்றைக் கண்டு உள்ளங் கிளர்ந்த இளைஞருள் ஒருவரே, ஈழத்து நாடகத்தில் நிலைத்த பெயர்பெற்ற கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள். முதலியாரைத் தம் குருவாகக் கொண்ட அவர், இலங்கை சுபோத விலாச சபையின் வாயிலாக இங்கும் அவ்வகை நாடகத்தை வளர்த்தார். சென்னையில் ஏற்றிய விளக்கு கடல் கடந்து இங்கும் ஒளிவீசிற்று.

முதுமையில் முதலியார் எழுதிய நாடகமேடை நினைவுகள் ஓர் அரிய நூல். அதிலே தம் வெற்றிகளை மட்டுமன்றித் தாம் செய்த தவறுகளையும் அவர் மறையாது எழுதியுள்ளார். நடிப்புக் கலையில் தேர்ச்சி பெற விரும்பும் இளைஞருக்கென்று தனியே ஒரு நூலும் இயற்றினார். பிறர் குறை கூறுமுன் தம் குறையைத் தாமே காணப் பழகியவருக்குப் பிறர் சொல் எங்ஙனம் பகையாகும்?

1936ஆம் ஆண்டில் மனோகரா பேசும் படமாக வந்தது. ஒரு காலத்தில் மைந்தனாக நடித்தவர், அதிலே தந்தையாகிய புருஷோத்தமனாக நடித்தார். அப்படம் வெற்றி பெறவில்லை. 1954ஆம் ஆண்டில் சிவாஜி கணேசன் நடிக்க, அதே கதை மீண்டும் படமாகிப் பெருவெற்றி ஈட்டியது. கதை ஒன்றே, காலம் வேறு. ஒருநாட் தீர்ப்பு இறுதித் தீர்ப்பன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதிய அப்பெரியாருக்கு இந்திய அரசு 1959ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது அளித்துக் கௌரவித்தது. 1964ஆம் ஆண்டில், தமது தொண்ணூற்றோராவது வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வாலிபர்களே! அடுத்த ஆண்டு விழாவிலும் நீங்கள் மேடையேறுவீர்கள். மறுநாட் காலையில் இருவகைச் சொற்களையும் கேட்பீர்கள். புகழ்ந்தவரிடம் நன்றி கூறுங்கள். இகழ்ந்தவரிடம் எந்த இடத்திற் குறை கண்டீர் என்று பணிவோடு கேளுங்கள். அவர் இடத்தைக் காட்டினால் அதனைத் திருத்துங்கள். காட்ட இயலாவிடின் அச்சொல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். மாலையில் ஒத்திகைக்கு மட்டும் தவறாது வந்து சேருங்கள். பெரியோர்களே! குறை காணும்போது இடத்தைச் சுட்டிக் காட்டுங்கள். பதினெட்டு வயது இளைஞன் ஒருவனின் முயற்சியிலிருந்துதான் தமிழ் நாடகத்தின் புதுக்காலம் பிறந்தது என்பதை நாம் யாவரும் நினைவிற் கொள்வோமாக.