மண்ணைப் படித்த அறிஞர்

இங்கிலாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905ஆம் ஆண்டு அவர் பீகாரிலுள்ள பூசா வேளாண்மை ஆய்வு நிலையத்தில் பணியேற்றார். அவருடைய மனைவி கேப்ரியலும் தாவரவியல் அறிஞரே. இருவரும் இணைந்து விளைச்சல் மிக்க கோதுமை வகைகளை உருவாக்கினர்.

பூசாவைச் சுற்றியிருந்த உழவர்கள் இரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ பயன்படுத்தவில்லை; ஆயினும் அவர்களின் பயிர்கள் செழித்திருந்தன. கற்பிக்க வந்த ஹோவர்ட், அவர்களிடமே கற்கத் தொடங்கினார். தமக்கு வழங்கப்பட்ட 75 ஏக்கர் நிலத்தில் அவர்களின் முறையைப் பின்பற்றினார். அங்கு விளைந்த தீவனத்தையே தம் உழவு மாடுகளுக்கு அளித்தார். ஒரு சமயம், அண்டைப் பண்ணையின் மாடுகளைக் கோமாரி நோய் தாக்கியது. அவை வேலியோரம் வந்து ஹோவர்டின் மாடுகளோடு மூக்கை உரசின. எனினும், அவருடைய மாடுகளுக்கு அந்நோய் தொற்றவில்லை. வளமான மண்ணே பயிருக்கும் கால்நடைக்கும் மனிதனுக்கும் நலம் தரும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

1924ஆம் ஆண்டு முதல் இந்தூரில் தம் ஆய்வைத் தொடர்ந்தார். தாவரக் கழிவு, மாட்டுச் சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, நீர் தெளித்து, இடையிடையே புரட்டிவிட்டார். மூன்று மாதங்களில் மக்கிய உரம் கிடைத்தது. இதுவே ‘இந்தூர் முறை’ எனப் பெயர் பெற்றது.

1930ஆம் ஆண்டு கேப்ரியல் காலமானார். மறு ஆண்டு, உடன் பணியாற்றிய யஷ்வந்த் வாட்டுடன் இணைந்து இம்முறையை நூலாக வெளியிட்ட ஹோவர்ட், தாயகம் திரும்பினார். அறிஞர் பலர் அவர் கருத்தை ஏற்க மறுத்தனர். ஆயினும், 1947ஆம் ஆண்டு மறையும்வரை அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை.

இன்று ஜொகூரில் காய்ந்த இலைகளை எரிக்காமல் மக்கவைத்துத் தோட்டத்திற்கு இடுவோரும் அவர் காட்டிய வழியிலேயே நடக்கின்றனர்.