முப்புரி கண்ட மேதை

பல்லிக்கு அறுந்த வால் மீண்டும் முளைக்கிறதே, மனிதனுக்கு அறுந்த விரல் ஏன் முளைப்பதில்லை என்று, எங்கள் பாலவாக்கம் குப்பத்தில் மாலை வேளைகளில் என்னிடம் பாடம் கேட்க வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் தந்தை கடலுக்குச் செல்பவர். கயிறு இழுத்ததில் சுட்டுவிரலை இழந்தவர். மீளுருவாக்க மருத்துவம் பற்றி அப்பிள்ளைகளுக்குச் சொல்ல எண்ணியிருந்த எனக்கு அக்கேள்வியே தொடக்கமாயிற்று.

சிதைந்த திசுவை மீண்டும் வளரச் செய்வதே இத்துறையின் நோக்கம். அதற்குச் செல்கள் மட்டும் போதா. கொத்தனார் நின்று வேலை செய்யச் சாரம் வேண்டுவதுபோல், செல்கள் பற்றி வளரவும் ஒரு சாரம் வேண்டும். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் அச்சாரமாய் அமைந்த புரதம் கொலாஜன். அதன் அமைப்பைச் சென்னையில் இருந்தபடியே உலகுக்கு உணர்த்திய பெருமகன் ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

அன்னார் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். கல்லூரி முதல்வராகவும் விளங்கியவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அவருடைய திறன் கண்ட சர் சி. வி. இராமன் அவரை இயற்பியலுக்கே அழைத்துக்கொண்டார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். 1952-இல் இராமனின் பரிந்துரையின்பேரில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அவரை இயற்பியல் துறைத் தலைவராக்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பதே!

சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னலுடன் உரையாடியதன் வாயிலாக, கொலாஜனின் அமைப்பு தெளிவாகாமல் இருப்பதை இராமச்சந்திரன் அறிந்தார். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து முதலில் சுறாத் துடுப்பின் கொலாஜன் கிடைத்தது. எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக அமையவில்லை. பின்னர்க் கங்காருவின் வால் தசைநாண் கைகொடுத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் நேச்சர் இதழில் அறிவித்தார். அடுத்த ஆண்டே அவ்விழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுகியிருப்பதையும் விளக்கினார். கயிறு திரிப்போர் இழையை ஒரு பக்கமும் புரிகளை எதிர்ப்பக்கமும் முறுக்குவர். கொலாஜனும் அவ்வாறே: ஒவ்வோர் இழையும் இடப்புறம் முறுகும், மூன்றும் சேர்ந்து வலப்புறம் முறுகும். இதைக் கேட்டதும் எங்கள் குப்பத்துப் பிள்ளைகளின் கண்கள் ஒளிர்ந்தன. கயிற்றை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லையே!

கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக், ரிச் ஆகியோர் இவ்வமைப்பில் சில அணுக்கள் மிக நெருங்கியுள்ளன என்றும், ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டன்று, ஒன்றே என்றும் மறுத்தனர். பிணைப்பு பற்றிய அவர்கள் கருத்தே பின்னர் நிலைத்தது. முப்புரி என்னும் அடிப்படை அசையவில்லை. மறுப்பைக் கண்டு மனம் தளராத இராமச்சந்திரன், அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அதன் விளைவாக இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம், இன்றும் புரத அமைப்பைச் சரிபார்க்கும் உரைகல்லாக விளங்குகிறது.

1981-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பர்க், யானஸ் குழுவினர், மாட்டுக் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்புப் பொருளையும் கொண்டு செய்த செயற்கைத் தோலால் தீக்காயங்களை ஆற்றிய செய்தியை வெளியிட்டனர். நோயாளியின் செல்கள் அச்சாரத்தில் புகுந்து புதுத் திசுவை நெய்தன.

இராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார். தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கம் டிரிபிள் ஹெலிக்ஸ் என்னும் பெயரால் அவர்தம் கண்டுபிடிப்பை நினைவூட்டி நிற்கிறது.

விரலை முளைக்க வைக்கும் மருத்துவம் இன்னும் வரவில்லை என்று அம்மாணவியிடம் உண்மையையே சொன்னேன். அவள் முகம் சற்று வாடியது. பத்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்பது அவள் வீட்டாரின் எண்ணம். இராமச்சந்திரனுக்கு வீட்டிலேயே கணிதம் சொல்லித் தரத் தந்தை இருந்தார். எனக்கு அப்படி யாரும் இல்லை; எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். ஆனால் அவளுக்குச் சொல்லித் தர இன்று ஓர் அக்கா இருக்கிறேன். மறுநாள் மாலை நோட்டுடன் வந்தவள், பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுக்க என்ன மதிப்பெண் வேண்டும் என்று கேட்டாள்.

நண்பர்களே! உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எழுப்பும் கேள்விகளுக்கும் செவி கொடுங்கள்.